கடல் மின்சாரம் கரையேறும் இடம்

மகன்,

வேறொரு நாட்டுக் கடலுக்கு வேலைக்குப் போகிறாய் என்று நேற்று போனில் சொன்னாய். நல்லம் என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. "என்னப்பா, ஒண்டும் கதைக்கிறீங்க இல்ல, லைன் கட்டாகிட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். லைன் கட்டாகவில்லை மனே. போனில் சொல்லி முடிக்க ஏலாத அளவுக்குக் கிடக்கிறது, அதுதான். நீ கூட்டத்துக்கு வந்து போன பிறகு பூவலடியில் என்ன நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. புது இடத்தில் வேலையைத் தொடங்குவதற்கு முதல் அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் நீ எழும்பி நின்று கதைத்தபோது நான் பின்னுக்கு, தூணோடு சாய்ந்து நின்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலைக்காலம் முழுக்கக் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கினவன் நான். சண்டை முடிந்த பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஊர் ஊராக லைன் இழுத்துக்கொண்டு போனபோது, முதல் பல்ப் எரிந்ததும் பெண்டுகள் குரவை போட்டதை நீ கேட்டிருக்க மாட்டாய், நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தைக் கடலிலிருந்தே கொண்டு வரப் போகிறவன் என் மகன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் காற்றாடிகள் நிற்கும் என்றாய். அவ்வளவு தூரம் ஆடலோட்டமாக, அதாவது ஏ.சி.யாக, கொண்டு வந்தால் கேபிளுக்குள்ளேயே நிறைய வீணாகிவிடும், அதனால் கடலிலேயே நேரோட்டமாக, டி.சி.யாக, மாற்றி அடிக்கடலால் கொண்டு வருவோம், கரையில் ஒரு பெரிய கட்டிடம் அதைத் திரும்ப ஆடலோட்டமாக்கி நாட்டு லைனுக்குள் விடும் என்றாய். கொன்வேட்டர் ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர் சொன்னாய். சனம் உடனே 'கரண்ட் கட்டிடம்' என்று அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது.

பிறகு திரையில் கரையின் படத்தைப் போட்டாய். வீடு உள்ள இடம் சிவப்பு. வாவியோரம் கண்டல் காடு பச்சை. கரைவலை இழுக்கிற கரையும் தோணி ஏற்றுகிற கரையும் நீலம். ஏறாவூர்ப் பக்கம் ஏன் சரிவராது, தேற்றாத்தீவுப் பக்கம் ஏன் சரிவராது, முகத்துவாரத்துக்குக் கிட்ட மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கேபிள் ஏன் தங்காது என்று ஒவ்வொன்றாக விளக்கினாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நிறமும் பூசாமல் ஒரு துண்டு மிஞ்சியது. 'குடியிருப்பு இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. அது பூவலடி என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நாங்கள் இருந்த வளவு அது என்பதும் தெரியும். உன் வாயால் அதைச் சொல்லுவாய் என்று ஒருவரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

அப்போதுதான் யோகம் எழும்பினா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தம்பி, நாங்க அங்க இரிக்கமே" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மிச்சக் காசு குறைவாகத் தந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னா. நீ கடதாசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது தெரியும் மாமி. ஆனா உங்கட ஆக்கள் ஒருத்தரிட்டயும் காணிப் பேமிட் இல்ல. பதிவில அந்த இடம் வெறுங்காணி. வீட்டுக்குரிய நட்டஈடு தருவாங்க, காணிக்குத் தர மாட்டாங்க" என்றாய். "சரி மகன். இவ்வளவு கரண்ட் எங்கட வளவால போகுதெண்டால், நாங்க எழும்பிப் போகுமட்டும் எங்களுக்கு ஒரு லைட் தருவாங்களா?" என்று அவ கேட்டா. சிலபேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அந்தக் கட்டிடத்தில் ஓடுகிற கரண்ட் மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடும், அதிலிருந்து வீட்டுக்கு நேராக எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினாய். நீ சொன்னது உண்மை. அந்த மண்டபத்தில் அது உண்மை என்று விளங்கியிருந்த ஒரே ஆள் நான்.

யோகம் யார் என்று உனக்குத் தெரியும். ஆனால் எப்படி வந்தா என்பது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ அப்போது சின்னப் பிள்ளை, அந்த வருஷங்களில் நீ ஒருவரோடும் அதிகம் கதைப்பதும் இல்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் டவுனில் டியூட்டியில் நின்றேன். நீயும் அக்காவும் அம்மாவும் வீட்டில். எங்கள் பக்கம் நிலம் ஒடுக்கம்தானே, கடல் ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் வாவிக்குள் இறங்கிவிட்டது. உன்னை வாவிக்கரைக் கண்டலுக்குள்ளிருந்து ஒரு தோணிக்காரன் தூக்கி எடுத்தான். நீ அழவில்லையாம். வேரைப் பிடித்த கையை விடுவிக்கத்தான் அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம். அம்மாவை அடுத்தநாள் எங்கள் வளவிலேயே, தென்னைகள் சாய்ந்து கிடந்த இடத்தில் கண்டெடுத்தேன். றோட்டு இல்லை, பாலத்தால் போக வழி இல்லை, புதைக்கிற சேமக்காலைக்குக் கொண்டுபோக ஒரு வாகனமும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. நானும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மணலிலேயே அவவை வைத்தோம். தலைமாட்டில் ஒரு தென்னங்குற்றியை நட்டுவிட்டு வந்தேன். அக்கா கிடைக்கவே இல்லை. சாந்தி என்று யாராவது யாரையாவது கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு கரையில் வீடு கட்டக்கூடாது என்று சொல்லி எங்களுக்கு றோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு தந்தார்கள். பூவலடி வெறுமையாகக் கிடந்தது. நீ அந்தப் பக்கம் வரவே மாட்டாய். நான் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் போய் விளக்கு வைத்துவிட்டு வருவேன். இரண்டு வருஷம் ஆகியிருக்கும், வாகரைப் பக்கம் ஷெல்லடி தொடங்கியது. சனம் காட்டாலும் கரையாலும் நடந்து, இடுப்பளவு தண்ணிக்குள் இறங்கி, மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்கள் நிரம்பிவிட்டன. கடல் எடுத்த வெறுங்காணிகளில் கூடாரம் அடித்தார்கள். பூவலடியில் அடித்த ஒன்றில்தான் யோகம் வந்து இறங்கினா, கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. வருகிற வழியில் புருஷன் ஷெல் பட்டு விழுந்துவிட்டான். அவனை அப்படியே விட்டுவிட்டுத்தான் நடந்தாவாம். "நிண்டிருந்தா நாங்களும் கிடப்பம் அண்ணே" என்று ஒரே ஒரு நாள் சொன்னா. அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

சண்டை முடிந்து பஸ்ஸில் சனத்தை ஏற்றித் திருப்பி அனுப்பினபோது அவ ஏறவில்லை. அவவின் காணி காட்டுக்குள் போய்விட்டது, அந்த வழியில் திரும்பி நடக்க மனமும் வரவில்லை. இன்னும் சில குடும்பங்கள் அவவோடு நின்றுவிட்டன. மணலில் பூவல் தோண்டி நல்ல தண்ணி எடுத்தார்கள். கருவாடு போட்டார்கள். மிளகாய் நட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமையே அவ என்னைக் கேட்டா, "ஆரு அண்ணே இதில?" என்று. சொன்னேன். அதற்குப் பிறகு நான் போகும்போது அந்த இடம் கூட்டித் துப்பரவாகக் கிடக்கும். செவ்வரத்தைக் கம்பு ஒன்று கொண்டு வந்து நட்டது அவதான். நீ ஏ-லெவல் படித்த காலத்தில், நான் பிரேக்டவுன் என்று போய் வராமல் கிடந்த நாட்களில், உனக்குச் சோறும் மீன் சொதியும் வந்ததே, நான் சமைத்ததென்றா நினைத்தாய்? உனக்குத் தெரியும். நீ சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வேலியில் கவிழ்த்து வைப்பாய், அவவின் மூத்தவள் வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து நீ சாப்பிடாமல் இருந்தாய். நானும் சாப்பிடவில்லை. நான் கேட்டேன், "மனே, வேற இடமே கிடைக்கயில்லையா?" என்று. நீ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கிடைச்சிது அப்பா. இன்னும் ரெண்டு இடம் இருந்திச்சு, கொஞ்சம் செலவு கூட. நான்தான் இதைச் சொன்னனான்." ஏன் என்றேன். அப்போது நீ நிமிர்ந்து பார்த்தாய். கண்டலுக்குள்ளிருந்து எடுத்து வந்து என் கையில் தந்தபோது எப்படிப் பார்த்தாயோ அப்படியே. "அந்த இடத்தில ஆக்கள் இரிக்கக்கூடா அப்பா. திரும்பக் கடல் வந்தா? அந்தப் புள்ளையள் எங்க ஓடும்? ஆரு சொல்லியும் அவங்க எழும்ப மாட்டாங்க. இது வந்தா நிலத்த உயர்த்தி, சுத்தி வேலி போட்டு, கொங்கிரீட்டில கட்டுவாங்க. இனி ஒரு நாளும் அங்க ஒருத்தரும் படுத்து நித்திரை கொள்ள ஏலாது. எனக்கு அதுதான் வேணும்."

இத்தனை வருஷம் நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்தது மறந்துவிட்டாய் என்பதால் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நீ படித்த படிப்பெல்லாம் அந்தத் துண்டுக்கு வேலி போடத்தான் படித்தாயோ என்று கூட நினைத்தேன். "அவ எங்க போவா?" என்றேன். "அத வேற ஆக்கள் பாப்பாங்க, அது எங்கட பிரிவு இல்ல" என்றாய். "அப்ப அம்மா?" என்றேன். "அம்மா அங்க இல்லப்பா." "இருக்கா மனே. நான்தான் வைச்சனான்." நீ எழும்பிப் போய் உடுப்பு அடுக்கினாய். விடியக் காலமை வான் வந்தது. "போயிட்டு வாறன்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஒரு தேத்தண்ணியாவது குடிக்கச் சொல்லியிருக்கலாம்.

நீ போன பிறகு அளவைக்காரர் வந்து எல்லைக் கல்லு நட்டார்கள். நல்ல பெடியன்கள். யோகம் அவர்களுக்குப் பூவலில் தண்ணி அள்ளிக் கொடுத்தா. ஒரு கல்லு அவவின் குசினிக்குள் விழுந்தது. அடுப்பை நகர்த்திக் கொடுத்தா. எழும்பச் சொல்லி அறிவித்தல் வர இன்னும் காலம் கிடக்கிறது, மனு எழுதலாம், பெரியவர்களைப் பிடிக்கலாம் என்று நானும் கோயில் ஆட்களும் ஓடித் திரிந்தோம். போன இடமெல்லாம் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். நாட்டுக்குக் கரண்ட் வேணும் ஐயா, நீங்களே அந்த வேலை செய்த ஆள், உங்களுக்குத் தெரியாதா என்றார்கள். தெரியும். ஒருநாள் அப்படி ஓபிஸ் ஒன்றில் இருந்துவிட்டு மத்தியானம் பூவலடிக்குப் போனால், யோகம் கூரையில் ஏறி நின்று தகரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறா.

"என்னகா இது, இன்னும் ஒருத்தரும் எழும்பச் சொல்லயில்லையே" என்றேன். மேலே நின்றபடியே சொன்னா: "கடல் சொல்லாம வந்திச்சு உங்களுக்கு. ஷெல்லு சொல்லாம வந்திச்சு எங்களுக்கு. இது ஒண்டுதான் சொல்லிப்போட்டு வருது அண்ணே. சொன்ன பிறகும் இருந்து, புள்ளையளுக்கு முன்னால ஆக்கள் வந்து இழுத்து வெளிய போட வேணுமா? இந்த முறை என்ர சாமானையெண்டாலும் நானே கொண்டு போறன்." தம்பியின் வளவுக்குப் போகிறேன் என்றா, வாகரைக்கு அங்கால். தண்ணி உப்பு, யானை வரும், கருவாடு விற்க ஆள் இல்லை, எல்லாம் அவவுக்குத் தெரியும். "உன்ர மகனில எனக்குக் கோவமில்ல" என்று இறங்கி வந்து சொன்னா. "அவன் அந்த மண்டபத்தில எனக்குப் பதில் சொல்லக்குள்ள புரட்டினது வெறுங்கடதாசி. நான் பாத்தன்." நான் பார்க்கவில்லை மனே. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு உன் அம்மாவைப் பற்றி அவதான் கேட்டா, "அக்காவ என்ன செய்யிறது அண்ணே? விட்டுட்டா போறது?" என்று. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். எடுத்துச் சேமக்காலையில் வைப்போம் என்று முடிவெடுத்தோம். செய்ய வேண்டிய முறைப்படி ஐயரைக் கேட்டு, ஒரு வெள்ளைத் துணியும் மண்பானையும் வாங்கிக்கொண்டு போனோம். யோகத்தின் இளையவன் மண்வெட்டி பிடித்தான். செவ்வரத்தையைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினோம். மணல். இன்னும் கொஞ்சம் கிழக்கே தோண்டினோம். மணல். தென்னங்குற்றி எப்போதோ உக்கிப் போய்விட்டது. நடுவில் ஒரு தரம் புல்டோசர் வந்து கரையை மட்டம் செய்தது, மாரியில் இரண்டு மூன்று தரம் கடல் ஏறி இறங்கியது. பொழுது சாயும் வரை தோண்டினோம். ஒரு வளையல் துண்டு கூட வரவில்லை. பெடியன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் வெறும் மணலுக்குத்தான் இத்தனை வெள்ளி விளக்கு வைத்தேனா, அல்லது அவ இன்னும் எங்கேயோ இரண்டு முழம் தள்ளிக் கிடந்து நாங்கள் தோண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன். சரியாக இருந்தாலும் அது எனக்கு ஆறுதல் இல்லை.

யோகத்தின் சாமான் ஒரு உழவு மெஷினின் இழுவைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மற்றக் குடும்பங்கள் அவ போனதைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போயின. சில பேர் டவுனுக்கு, சில பேர் எங்கே என்றே தெரியாது. கடைசி ஆள் போன கிழமையே முள்ளுக்கம்பி வேலி வந்தது, ஒரு காவல்காரன் வந்தான். அடுத்து யந்திரங்கள் வரும், மண் நிரப்புவார்கள் என்று ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், வர வேண்டும் என்று விரும்பினேன். இவ்வளவும் நடந்துவிட்டது, இனி அந்தக் கட்டிடமாவது எழும்ப வேண்டும், எங்கேயோ ஒரு பிள்ளை அந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். பூவல்கள் தூர்ந்துபோய்விட்டன. பிறகு காவல்காரனும் சம்பளம் வரவில்லை என்று போய்விட்டான். நேற்று நீ போனில் சொன்னாய்: கணக்குச் சரிவரவில்லை, கொம்பனி இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது, இங்கே ஒன்றும் கட்டப்போவதில்லை, உன்னை வேறு கடலுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று. மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொன்னாய். உன் குரலில் ஏதோ இருந்தது, நான் அதைக் கேட்காமல் இல்லை.

புது இடத்திலும் உனக்கு ஒரு கரையின் படம் தருவார்கள். அதில் நிறம் பூசாத ஒரு துண்டு இருக்கும். அங்கே சமைக்கிற நேரமாகப் பார்த்து, ஒருவருக்கும் சொல்லாமல், தனியப் போய் நில். புகை எழும்பினால் ஆள் இருக்கிறது. பேமிட்டைப் பிறகு கேள், முதலில் பெயரைக் கேள். இதைச் செய்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் சொல்லவில்லை. கட்டிடம் எங்கேயாவது வரத்தான் வேண்டும், யாருடைய முற்றத்திலாவது விழத்தான் போகிறது. எப்படிச் செய்தால் ஒருவருக்கும் நோகாது என்று இந்த வயதில் என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த தகப்பனாக இருந்திருக்க ஆசைதான். இன்னொன்று மனே, கடல் திரும்ப வந்தால் என்று நீ பயப்படுகிறாயே, நானும் பயப்படுகிறேன். அதை நாங்கள் இருவரும் ஒரு நாளாவது இருந்து கதைத்திருக்கலாம். நீ வேலியாக அதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

நீ போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் யோகம் எடுத்தா. அங்கே சிக்னல் இல்லை, குளக்கட்டில் ஏறி நின்றுதான் எடுப்பா. மூத்தவளுக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்றா. தண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறி கிழமைக்கு ஒருக்கா வருகிறது என்றா. உன்னைச் சுகம் கேட்டா. பிறகு, "கட்டிடம் எவ்வளவு எழும்பிட்டு அண்ணே? பெரிசா?" என்று கேட்டா.

நான் வெளியே பார்த்தேன். "ஓம்கா, நல்லா எழும்பிட்டு. பெரிய கட்டிடம்" என்றேன்.

"அப்ப சரி" என்றா. "சும்மா போகல்ல எண்டால் சரிதான்."

அவ எப்போதாவது உனக்குப் போன் எடுத்தால், நீயும் அப்படியே சொல்லிவிடு மகன்.

அப்பா